கிருபைக்கு மொய் நோட்டு இல்லை

தியானப் பகுதி: எபேசியர் 2:8-9, ரோமர் 4:4-5, லூக்கா 23:39-43



உயிர்த்தெழுதலின் பண்டிகைக்குப் பிந்திய நாட்களில் நம் மாவட்டத்து ஆவூருக்குப் போயிருந்தேன். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில் அமைந்த சிற்றூர் அது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. இப்பொழுதுள்ள கத்தோலிக்க ஆலயம் 1747ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றுகிற பெஸ்கி பாதிரியார் பணிசெய்த தலம் அது. அங்கே நடைபெறும் பாஸ்கா நாடகத்தையும் தேர்பவனியையும் காண கிறிஸ்தவர்கள் மாத்திரமல்ல, இந்துக்களும் இஸ்லாமியரும் திரளாய் வருகிறார்கள்.

என்னோடு வந்த நம் சபைச் சகோதரர் ஒருவர், பொருத்தனையை நிறைவேற்ற வந்திருந்த ஜனங்களைப் பார்த்து என் காதருகே சொன்னார்: “பாவம் ஐயா, இரட்சிப்பு இலவசம் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நடந்து வந்து சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்.” நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, தலையை அசைத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையசைப்பு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ஆகவே இந்த வாரத் தியானத்தை ஆவூருக்கு விரோதமாக அல்ல, நமக்கு விரோதமாக எழுதுகிறேன். எனக்கு விரோதமாகவும்தான்.

முதலாவது, நாம் பெருமையடிக்கிற அந்த உபதேசம் தமிழ் மண்ணுக்கு வந்த கதையை நினைவுகூருவோம். 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி மார்ட்டின் லுத்தர் 95 கருத்துக்களை வெளியிட்டபோது, அவர் எதிர்த்தது பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை. தேவன் இலவசமாய்த் தருவதைச் சபை விலைபேசக் கூடாது என்பதே அவருடைய வழக்கு. அந்த மரபில் வந்த சீகன்பால்கும் புளூட்சோவும் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1715ஆம் ஆண்டுக்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது. கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்ற பவுலின் செய்தியைத் தமிழன் தன் கையில் பிடித்த அச்சுப் புத்தகத்தில் வாசித்தது அதன்பின்புதான்.

அடுத்த தலைமுறையில் தர்க்கம் மூண்டது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளை எதிர்த்து வீரமாமுனிவர் தமிழிலேயே எழுதினார். வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்னும் அவருடைய உரைநடை நூல்கள் அந்தப் போராட்டத்தில் பிறந்தவை. காவிரிக்கரைச் சீமையில் ஒரே கிறிஸ்துவை அறிவித்தவர்கள், ஒருவர்மேல் ஒருவர் கண்டன நூல்களை எய்தார்கள். நம் முன்னோர் ஒரு பக்கம் நின்றார்கள்; ஆவூர் மறுபக்கம் நின்றது.

அந்தப் பழைய வாளை இன்றும் உருவி வீசுகிறவர்களுக்கு இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று: 1547ஆம் ஆண்டில் திரெந்து சங்கம் வெளியிட்ட தீர்மானமும்கூட, நீதிமானாக்கப்படுதலுக்கு முந்திய எந்தச் செயலும் அந்தக் கிருபையைச் சம்பாதித்துக்கொள்ளாது என்றுதான் போதித்தது. விசுவாசம் மாத்திரமே என்ற சொல்லில்தான் அது நம்மோடு மோதியது. மற்றொன்று: 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதலைக் குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மாத்திரமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இரு சபைகளும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006ஆம் ஆண்டில் மெதடிஸ்டுகளும், 2017ஆம் ஆண்டில் சீர்திருத்த சபைகளும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆயினும், “அவர்கள் கிருபையை அறியாதவர்கள்” என்று எளிதாய்ச் சொல்லிவிட்டுப் போகும் வழி நமக்கு அடைபட்டுவிட்டது.

அப்படியானால் இன்று நம் நடுவில் இலவச ஈவை விலைக்கு விற்கிறவர் யார்?

பிரியமானவர்களே, புதுக்கோட்டைச் சீமையில் வாழ்கிற உங்களுக்கு மொய் விருந்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் பந்தல் எழும்புகிறது, கறிச்சோறு மணக்கிறது, வாசலில் நோட்டு விரிகிறது. எழுதுகிறவன் கொடுப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒன்று பழைய கடனை அடைக்கிறான், அல்லது புதிய கடனைப் போடுகிறான். நாளை தன் வீட்டில் விருந்து வைக்கும்போது அந்தத் தொகை, கொஞ்சம் கூடவே சேர்த்து, திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உறவு முறியும். இதை நான் குறைகூறவில்லை. வங்கி கைவிட்ட எத்தனையோ குடும்பங்களை இந்த நோட்டு தூக்கி நிறுத்தியிருக்கிறது. அயலானுக்கு அயலான் செய்கிற கைம்மாறு அது.

ஆனால் அதே நோட்டைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு நாம் தேவனுடைய சமுகத்துக்குள் வருகிறோமே, அதைத்தான் கண்டிக்கிறேன். “ஆண்டவரே, இவ்வளவு எழுதியிருக்கிறேன், எனக்கு விசேஷம் வரும்போது திரும்பச் செய்ய வேண்டியது உம்முடைய முறை.” நம்முடைய ஜெபங்களில் பாதியை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான். வேலை செய்கிறவனுக்குக் கிடைப்பது கூலி, அது கடன் தீர்ப்பு, கிருபை அல்ல என்று ரோமர் நான்காம் அதிகாரத்தில் பவுல் திட்டமாய்ச் சொல்லுகிறார். தேவனைக் கடனாளியாக்க வருகிறவன் அவரிடத்தில் கூலியைத்தான் கேட்கிறான். பாவத்துக்குரிய கூலி இன்னதென்று அதே நிருபத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கூலி நமக்கு வேண்டுமா?

நாம் ஒட்டியிருக்கிற விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதல் சீட்டு பணம். ஆவூருக்கு நடந்து வந்த தாயாவது தன் காலைத் தேய்த்தாள். நம்முடைய கூட்டங்களிலோ, “விதை விதையுங்கள், நூறத்தனையாய் அறுப்பீர்கள்” என்று மேடையில் அறிவிக்கிறார்கள். இன்ன தொகைக்கு இன்ன ஆசீர்வாதம் என்று அட்டை அச்சிடுகிறார்கள். விசேஷித்த காணிக்கைக்கு விசேஷித்த ஜெபமாம். சமாரியாவில் சீமோன் என்பவன் பேதுருவின் முன்பாகப் பணத்தை வைத்து, பரிசுத்த ஆவியின் வரத்தைக் கேட்டான். பேதுரு ரசீது எழுதிக் கொடுக்கவில்லை. அவனையும் அவன் பணத்தையும் சேர்த்துக் கடிந்துகொண்டார் (அப்போஸ்தலர் 8). இன்று அந்தச் சீமோன் வந்தால் நம்மில் சிலர் அவனை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பார்கள். லுத்தர் எதிர்த்த சீட்டுக்கும் நம் கையிலிருக்கும் அட்டைக்கும் என்ன வித்தியாசம்? அது லத்தீன் மொழியில் இருந்தது, இது தமிழில் இருக்கிறது, அவ்வளவே.

இதில் நான் குற்றமற்றவன் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அறுப்பின் பண்டிகையில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் பீடத்தருகே நின்று வாசித்தவன் நான். பெரிய தொகைக்குக் குரலை உயர்த்தினேன். சிறிய தொகையை விரைவாய்க் கடந்தேன். ஒரு விதவைத் தாயார் தம் பெயர் வாசிக்கப்பட்டபோது தலையைக் கவிழ்த்துக்கொண்டதை நான் கண்டேன். கண்டும் மறு ஆண்டு அப்படியே வாசித்தேன். அன்று என் கையில் இருந்தது சபையின் கணக்கல்ல, மொய் நோட்டு.

இரண்டாம் சீட்டு இன்னும் கொடியது. ஏனென்றால் அது சுவிசேஷத்தின் சாயலில் வருகிறது. அதுதான் விசுவாசம். விசுவாசத்தையே நாம் நாணயமாக்கிவிட்டோம். “பணத்தால் வாங்க முடியாது, விசுவாசத்தால் வாங்கலாம்” என்று போதிக்கிறோம். பிறகு யாருக்காவது கிடைக்கவில்லையென்றால், “உன் விசுவாசம் போதவில்லை” என்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் என்னிடம் வந்து அழுதாள். பிள்ளை வியாதியாய் இருந்தபோது ஜெபித்த ஓர் ஊழியர், சந்தேகம் அவள் உள்ளத்தில் இருந்ததினால்தான் சுகம் தடைபட்டது என்று சொல்லியிருக்கிறார். “நான் இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருக்குமா ஐயா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் உள்ளத்தில் நட்டவரைக் குறித்து நான் தேவசமுகத்தில் வைத்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சபையே, கேளுங்கள். விசுவாசம் விலை அல்ல, அது வெறுங்கை. தாகத்தோடு வாய்க்காலில் குனிகிறவன் இரு கைகளையும் குவிக்கிறான். குவித்த கை தண்ணீரை உண்டாக்கவில்லை, தண்ணீருக்கு விலைகொடுக்கவும் இல்லை. நடுங்குகிற கையில் கொஞ்சம் சிந்தும். ஆனாலும் அது தண்ணீர்தான், தாகம் தீர்க்கும். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் தன் மகனுக்காக மன்றாடிய தகப்பன், விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கும் உதவி கேட்டான். ஆண்டவர் அவனுடைய விசுவாசத்தைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எடை குறைகிறது என்று திருப்பி அனுப்பவில்லை. அரை விசுவாசத்தோடு வந்தவனுக்கு முழு இரக்கம் கிடைத்தது. இரட்சிக்கிறது நம் விசுவாசத்தின் பலம் அல்ல. நம் விசுவாசம் பற்றிக்கொள்ளுகிற கிறிஸ்துவின் பலம்.

மூன்றாம் சீட்டைக் குறித்துப் பேச நமக்கு நாக்கு எழும்புவதில்லை. அது பிறப்பு. விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்ற உபதேசத்தைப் பவுல் கலாத்தியர் நிருபத்தில் எந்தச் சந்தர்ப்பத்தில் எடுக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டுப் பந்தியில். புறஜாதியாரோடு உட்கார்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, சிலர் வந்தவுடன் பயந்து எழுந்து விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார். இலவசமாய் இரட்சிக்கப்பட்டவர்கள் தனிப்பந்தி போட முடியாது என்பதே வாதம்.

ஆனால் இந்த உபதேசத்தைக் கொண்டுவந்த தரங்கம்பாடி மரபின் சபைகளிலேயே சாதிவாரியாய்த் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு சிறியதல்ல. விசுவாசத்தினால் மாத்திரமே என்று நாவினால் அறிக்கையிட்டவர்கள், அப்பத்தையும் ரசத்தையும் யாருக்குப் பின் யார் பெறுவது என்று வழக்காடினார்கள். அது பழங்கதை என்று சொல்லாதீர்கள். நம் வாலிபர்களுக்கு வரன் பார்க்கும்போது முதலில் கேட்கப்படுகிற கேள்வி என்ன? ஞானஸ்நானத்தைப் பற்றியதா, ஊரையும் உறவையும் பற்றியதா? கிருபையினால் இரட்சிக்கப்பட்டேன் என்பவன் பிறப்பினால் உயர்ந்தேன் என்று எண்ணினால், இரண்டில் ஒன்றைப் பொய்யாகச் சொல்லுகிறான்.

இங்கே ஓர் ஆட்சேபனை எழும். “எல்லாம் இலவசம் என்று போதித்தால் ஜனங்கள் மனம்போல் வாழ்வார்கள். சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை. யாக்கோபு, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறாரே?” இது நம்மைப் பார்த்துக் கத்தோலிக்கச் சகோதரர்கள் நெடுங்காலமாய்க் கேட்ட கேள்வியும்கூட. அவர்கள் அப்படிக் கேட்க நம் வாழ்க்கை இடங்கொடுத்தது என்பதை ஒப்புக்கொண்டே பதில் சொல்லுகிறேன்.

நம் நாட்டில் அரசு கொடுக்கிற பொருட்களை முன்பு இலவசம் என்றார்கள். பின்பு விலையில்லாப் பொருட்கள் என்று பெயர் மாற்றினார்கள். பெறுகிறவனுக்குத்தான் விலையில்லை; யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். கிருபையும் அப்படியே. நமக்கு அது இலவசம். கொடுத்தவருக்கு ஆனது கல்வாரி. அதை அறிந்தவன் மனம்போல் வாழத் துணிவானா? பாவம் பெருகட்டும், கிருபையும் பெருகும் என்று சொல்லலாமா என்ற கேள்வியைப் பவுலே எழுப்பி, பவுலே கடுமையாய்த் தள்ளுகிறார் (ரோமர் 6).

கிரியை வேண்டும், ஆனால் அதன் இடம் எது? புளியமரம் காய்த்ததினால் புளியமரம் ஆகவில்லை. புளியமரமாய் இருப்பதினால் காய்க்கிறது. பல ஆண்டுகள் காய்க்காமலே நின்றால் அது பட்டமரம். அதைத்தான் யாக்கோபு சொல்லுகிறார். இரட்சிக்கப்படும்படி நாம் நற்கிரியை செய்கிறதில்லை, இரட்சிக்கப்பட்டதினால் செய்கிறோம். முந்தினவன் ஒவ்வொரு கிரியையையும் எழுதி வைப்பான், ஏனெனில் அது அவனுடைய ரசீது. பிந்தினவன் செய்ததை மறந்துபோவான். அடுத்து யாருக்குச் செய்யலாம் என்று பார்ப்பான். ஆகையால் காணிக்கையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. காணிக்கையைக் கொடுங்கள், நோட்டை மூடுங்கள்.

மறுபடியும் ஆவூருக்கு வருகிறேன். பாஸ்காவின் சிலுவைக் காட்சியில் மூன்று சிலுவைகள் நிற்கின்றன. அவற்றில் ஒருவனைக் கூர்ந்து பாருங்கள். அவன் பொருத்தனை செய்து நடந்து வர முடியாது, கால்கள் அறையப்பட்டிருக்கின்றன. காணிக்கைப் பெட்டியை நோக்கிக் கை நீட்ட முடியாது, கைகளும் அறையப்பட்டிருக்கின்றன. ஞானஸ்நானம் பெறவில்லை, உபவாசக் கூட்டத்துக்குப் போனதில்லை, தசமபாகம் கொடுத்ததில்லை. பிறப்பைச் சொல்லிப் பெருமைப்பட அவனுக்கு ஒன்றுமில்லை; ஊரார் அவனைக் கள்ளன் என்றே அறிவார்கள். இனிமேல் நல்லவனாய் வாழ்ந்து கடனைத் தீர்ப்பேன் என்று சொல்லவும் அவனுக்கு நாள் இல்லை. தன்னை நினைத்தருளும்படி கேட்டான், அவ்வளவே. அன்றைக்கே பரதீசு அவனுக்குக் கிடைத்தது.

அந்தக் காட்சியைப் பார்த்து நின்ற திரளில், நாங்கள் பரிதபித்த அந்த ஜனங்களும் இருந்தார்கள். அந்தக் கள்ளனைக் கண்டு அவர்களில் எத்தனை பேர் உள்ளத்தில், “என்னையும் நினைத்தருளும்” என்று சொன்னார்களோ, கர்த்தர் அறிவார். நானோ அவர்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு நின்றேன். ஆலயத்தில் ஜெபித்த பரிசேயன் தான் ஆயக்காரனைப்போல் இல்லாததற்காக ஸ்தோத்திரம் சொன்னான் (லூக்கா 18). கிருபையைப் பற்றிய சரியான உபதேசத்தைக் கையில் வைத்துக்கொண்டே பரிசேயனாய் வீடு திரும்பலாம் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

ஆகவே நம் சபையில் மூன்று காரியங்களை மாற்ற விரும்புகிறேன். இனி காணிக்கை கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் ஆராதனையில் வாசிக்கப்படாது. எந்த ஜெபத்துக்கும் எந்தத் தொகையும் குறிக்கப்படாது. குறிக்கிற எந்தப் பிரசங்கியாருக்கும் நம் பிரசங்கபீடம் திறக்காது. வியாதிப்படுக்கையருகே நின்று, விசுவாசம் போதவில்லை என்ற வார்த்தையை நம்மில் எவரும் உச்சரிக்கக் கூடாது. சபைக் குழுவில் இதைச் சொன்னபோது, வருமானம் குறையும் என்று சிலர் அஞ்சினார்கள். குறையலாம். மொய்க்காக வந்தது நின்றுபோகட்டும். நன்றியினால் வருவது எவ்வளவு என்று அப்பொழுதாவது நமக்குத் தெரியவரும்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயே, நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று அறிவேன். உங்கள் கேள்விக்கு அன்று நான் தடுமாறினேன். இன்று தெளிவாய்ச் சொல்லுகிறேன்: இல்லை. உங்கள் பிள்ளை உங்கள் விசுவாசக் குறைவினால் போகவில்லை. அந்தப் பிள்ளையின் உயிருக்கு நீங்கள் கொடுக்கத் தவறிய விலை என்று ஒன்று இல்லவே இல்லை. ஏன் போனான் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் யாருடைய கரத்தில் இருக்கிறான் என்பதை அறிவேன். அந்தக் கரத்தில் ஆணியின் தழும்பு உண்டு, நோட்டு இல்லை.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, கூலி கேட்டு வந்த எங்களை மன்னியும். வெறுங்கையோடு நிற்கக் கற்றுத்தாரும். நீர் இலவசமாய்க் கொடுத்ததை நாங்கள் ஒருவருக்கும் விலை கூறாதபடி எங்கள் நாவையும் எங்கள் சபையையும் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், ஆமென்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக.